அடுத்து

காலை எட்டு மணியிலிருந்து
நான் அதிகம் சொல்லும் சொல் இதுதான்.
வடசென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி,
எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
காப்பீட்டு மேசை, என்னுடையது.
என்னுடையது என்றா சொன்னேன்,
ஏஜென்சியுடையது.
நாற்காலியின் ஒரு கால் மட்டும்
என் செலவில் ஆணி அடித்தது.

அடுத்து.

தேசம்மா வந்தது ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற கை.
கருவியில் கட்டைவிரலை வைத்தாள்,
சிவப்பு.
புடவையில் துடைத்து வைத்தாள்,
சிவப்பு.
எச்சில் தொட்டு, எண்ணெய் தொட்டு,
இடது கையும் வைத்துப் பார்த்தாச்சு.
முப்பது வருஷம் பனிக்கட்டியும் செதிலும் தின்ற ரேகை.
"மீனு வாங்க வர்றவங்க
இந்தக் கையப் பாத்துதாம்மா என்னக் கண்டுபுடிப்பாங்க"
என்றாள்,
கருவியிடம் சொல்வதுபோல.

ரேஷன் அட்டையில் உள்ள வீடு கால்வாய் ஓரத்தில் இருந்தது.
இடித்துவிட்டார்கள்.
இப்போது பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடி,
லிப்ட் உண்டு, ஓடாது.
ஆதாரில் தேசம்மா
வருமானச் சான்றில் தேசம்மாள்.
ஒரு ள் மிச்சம்.
அதை எங்கே வைத்து வெட்டுவது என்று
இதயப் பிரிவு சர்ஜனுக்கும் தெரியவில்லை.
மாடியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் கத்தினார்:
"இது கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானேம்மா?"
ஆமாம் சார்.
கட்டில் இலவசம், கஞ்சி இலவசம், நீங்களும் இலவசம்.
வால்வுக்கு மட்டும் அட்டை வழியாகத்தான் பணம் வரணும்.

முன்பெல்லாம் பணம் ஆஸ்பத்திரிக்கு வருமாம்.
இனி நோயாளியின் பின்னால் பணம் வரும்
என்று மாற்றினார்கள்.
கேட்க நல்ல யோசனைதான்.
தேசம்மாவின் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
மருமகன் நின்றான்
மாத்திரையும் வாழைப்பழமும் இருந்த பையோடு.

காரணம் என்ற கட்டத்தில் நான்கு தெரிவுகள்.
ஐஸ் என்பது அதில் இல்லை.
ஆவணக் குறைபாடு என்று அழுத்தினேன்.

ஐப்பசியில் கிண்டி ஓட்டலில் கூட்டம்.
சீர்திருத்தம்: அடுத்த ஐந்தாண்டு.
மடிக்கணினியில் படங்களை நகர்த்த ஒரு ஆள் வேண்டும் என்று
என்னைக் கூப்பிட்டார்கள்.
மழை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் பெய்தது.
முந்திரி பிஸ்கட் இரண்டு எடுத்துப்
பையில் போட்டுக்கொண்டேன், மகளுக்கு.

பதினேழாவது படம்.
பச்சைத் தூண் வானுயரம்.
பக்கத்தில் குட்டையாய் ஒரு ஆரஞ்சு.
நிராகரிக்கப்பட்டவை, நூற்றுக்கு ஆறு.
போன வருடம் ஒன்பது.
கைதட்டினார்கள்.
பொய்யில்லை, குறைந்துதான் இருக்கிறது,
நானே தட்டச்சு செய்த கணக்கு.
வரிசையில் நின்று பார்த்து
பஸ் போய்விடும் என்று கிளம்பியவர்கள்
அந்த ஆறிலும் இல்லை.

"அடுத்து" என்றார் இயக்குநர்.

என் விரல் பொத்தானின் மேல் இருந்தது.
எந்தக் கருவியிலும் முதல் தடவையே பதிகிற விரல்.

"அடுத்து."

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"ஹேங் ஆயிடுச்சா?"
ஆமா சார், என்றேன்.
வேறு எதையும் பார்க்க வழியில்லாமல்
எல்லோரும் அந்த ஆரஞ்சைப் பார்த்தார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒரு அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஏதோ குறித்துக்கொண்டார்.
அது மதியச் சாப்பாட்டு நேரமாகவும் இருக்கலாம்.
எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன், தெரியாது.
வாடகை ஞாபகம் வந்தது.
அழுத்தினேன்.

தேசம்மா கொடுத்த எண்
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது.
ஒரு தடவை சிறுபிள்ளை எடுத்தது,
"ஆயா கடலுக்குப் போயிருக்கு" என்றது, வைத்துவிட்டது.
வேலைக்கா என்று கேட்பதற்குள்.

மறுநாள் எட்டு மணி.
வாயெடுத்தேன், சொல் வரவில்லை.
முன்னால் நின்ற பெரியவர்
கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே
"நாந்தாம்மா அடுத்து" என்றார்.